செம்பிக்குளத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு

2025.01.28 செவ்வாய்

அடம்பனில் முதல் பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்ததில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனேன். மன்னார்ப் பாலம் தாண்டும்போது முகமெல்லாம் உப்புக் காற்று. பயிற்சிப் பட்டறைக்கு இருபது நிமிடம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன்.

பதாகையில் "சமூக உள்வாங்கல்: கொள்கையும் பங்காண்மையும்" என்று இருந்தது. மாகாண சபைக்குத் தேர்தல் வைத்து எத்தனையோ வருடம். கொள்கை மட்டும் தவறாமல் வருகிறது. இந்தக் கொள்கைப்படி, ஊர் அமைப்புகள் தாங்கள் ஒதுக்கி வைத்த ஆட்களை உள்ளே சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான் வேலைத்திட்டக் காசு. மாகாணத் திணைக்களம், பிரதேச சபை, ஒரு தொண்டு நிறுவனம் மூன்றும் கூட்டு. அந்தத் தொண்டு நிறுவனத்தின் கள ஊக்குவிப்பாளர் நான். ஆறு மாத ஒப்பந்தம். வெளிவாரிப் பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தவளுக்கு இதுவே பெரிது என்கிறா அம்மா.

"உங்கள் பிரதேசத்தில் விலக்கப்பட்டவர் யார்?" மஞ்சள் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். பெண்கள். முதியோர். மாற்றுத்திறனாளிகள். திரும்பத் திரும்ப அதே மூன்றும். நான் "தோட்டக்காட்டார்" என்று எழுதி ஒட்டினேன்.

எங்கள் அதிகாரி றெனால்ட் சேர், தலைமன்னார்க்காரர், சண்டை பிடிக்கத் தெரியாத மனிசன், அதைக் கழற்றி எடுத்தார். "ரஜிதா, இந்தச் சொல் வேண்டாம். மலையகத்திலிருந்து மீள்குடியேறிய சமூகம் எண்டு போடுவம்."

"ஊரில எங்களை அப்பிடிக் கூப்பிடுறேல்லை, சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை.

மத்தியானம் இறால் கறி. நல்லாத்தான் இருந்தது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

2025.02.03 திங்கள்

தெளிவாக எழுதி வைக்கிறேன். பிறகு ஆரும் வந்து என்னைக் குழப்பக் கூடாது.

காலபோகத்துக்கு மழை இருக்கிறது, அவரவர் தன் காணியில் விதைக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் மட்டும்தான். அது குளக்கட்டுக்குக் கீழே உள்ள எழுபது ஏக்கருக்குத்தான் காணும். ஆகவே அந்த ஒரு போகத்துக்கு அந்த எழுபது ஏக்கரும் யாருக்கும் சொந்தமில்லை. கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் எல்லோருக்கும் சம பங்கு. எந்தத் துண்டு யாருக்கு என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். காணிக்காரன் காணியில் வேறொருவன் விதைப்பான். காணிக்காரன் வாயே திறக்க மாட்டான். செம்பிக்குளத்தின் வழக்கம் அது.

இவ்வளவு நல்ல வழக்கம் உள்ள ஊரில், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையிலிருந்து ஓடி வந்த எங்கள் ஆட்கள் இன்றுவரை அதே வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறார்கள். ஏனென்றால் அங்கத்தவர் ஆக அனுமதிப்பத்திரக் காணி வேண்டும். செம்பிக்குளத்தை ஒட்டிய எங்கள் உதயபுரத்தில் நாற்பத்து மூன்று குடும்பம். இருப்பது வீட்டு வளவு மட்டும்.

இப்போது குளக்கட்டும், தண்ணீர் திறந்துவிடுகிற துருசும் திருத்த மாகாணம் காசு கொடுக்கிறது. முதல் பகுதி வந்துவிட்டது. இரண்டாவது வர வேண்டுமென்றால், காணி இல்லாவிட்டாலும் விலக்கப்பட்ட குடும்பங்களை அங்கத்தவராக்கி இந்தச் சிறுபோகத்திலேயே பங்கு கொடுக்க வேண்டும். எழுத்தில் இருக்கிறது. ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் பிறகு ஒவ்வொரு சிறுபோகமும் பங்கு.

கமக்காரர் அமைப்பின் தலைவர் யோகராசாவிடம் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதிரையைக் காட்டவில்லை. நின்றுகொண்டே கொடுத்தேன்.

"நாங்கள் ஆரையும் ஒதுக்கேல்லைப் பிள்ளை. உங்கட ஆக்களுக்கு எங்கட வயலிலதானே வேலை?"

ஒதுக்காததற்கு அத்தாட்சி அதுவாம்.

2025.02.06 வியாழன்

எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

விலக்கப்பட்ட குடும்பங்களை விலாசப்படி எடுத்த பிரதேச செயலகத்தின் பட்டியல் வந்தது. உதயபுரம்: மூன்று குடும்பம். மூன்று! மிச்ச நாற்பதும் "செம்பிக்குளம், அடம்பன்" என்ற விலாசத்தில் இருக்கின்றன. யோகராசாவின் கூட்டாளிகளோடு கலந்து, ஒரு வித்தியாசமும் தெரியாமல்.

பட்டியலில் பிழையில்லை. எழுதியது நான்தான்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து உதயபுரத்தின் படிவம் எல்லாம் நான்தான் நிரப்புகிறேன். அடையாள அட்டை, பள்ளிக்கூட அனுமதி, கிளினிக் கொப்பி, நிவாரண விண்ணப்பம். உதயபுரம் என்று போட்டால் பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்துவார்கள். கலியாணம் பேசினால் அடுத்த கிழமை ஆள் வராது. அதனால் வீட்டுக்கு வீடு "நம்ம விலாசத்தைச் செம்பிக்குளம்னு போட்டுடு" என்பார்கள். நானும் அழகான எழுத்தில் போட்டேன். அது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அந்த மூன்று குடும்பம் என்னிடம் வராதவர்கள். ஒன்று ட்ரக்டர் ஓட்டுகிற பொன்னையா அண்ணை. மற்ற இரண்டும் எழுத வாசிக்கத் தெரியாத கிழவர்கள். அவர்களுக்குக் கிராம சேவகர் நிரப்பியிருக்கிறார்.

யோகராசா பட்டியலைப் பார்த்துவிட்டு றெனால்ட் சேருக்குப் போன் போட்டாராம்: "மூண்டு குடும்பம்தானே சேர்? தாராளமாச் சேப்பம்."

2025.02.07 வெள்ளி

விலாசத்தைத் திருத்தினால் பட்டியலும் மாறும் என்றார் றெனால்ட் சேர்.

2025.02.13 வியாழன்

விலாசத் திருத்தப் படிவம் நாற்பது. றெனால்ட் சேர் அடித்துத் தந்தார். வீடு வீடாகப் போனேன்.

எங்கள் சனத்தைப் பற்றி நான் நல்லதாக எழுத நினைத்த எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன்.

ஒருத்தி கதவைச் சாத்தினா. ஒருத்தர் "எங்கள நாங்களே காட்டிக் குடுக்கவா?" என்றார். பத்து வருடமாக உதயபுரம் என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார் இன்னொருவர். அதன் பக்கத்தில் நின்றுதான் அவருக்கு உரிமை பற்றி விளக்கினேன்.

பொன்னையா அண்ணை வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார். "என்ன தங்கச்சி, அப்ப ஒளிச்சு வைக்கச் சனம் உன்னட்ட வந்தது. இப்ப வெளிய எடுக்க நீ சனத்திட்ட வாறாய். நல்ல வேலைதான்."

"நக்கல் அடிக்காதேங்கோ அண்ணை."

"நக்கல் இல்லை. கந்தோரில எழுதுறதுக்கு முதல் உங்கட வீட்டில கையெழுத்து வாங்கினியே?"

வாங்கவில்லை. வாங்க முடியாது.

என் அக்கா பிரேமினிக்கு நானாட்டானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெடியன் கீர்த்தனன், மன்னார் டவுனில் போன் திருத்துகிறவன். அக்காவோடு ஒரு வருடமாகப் பழக்கம். தாய்க்காரிக்கு நாங்கள் செம்பிக்குளத்து ஆட்கள்.

அம்மாவிடம் படிவத்தை நீட்டினேன். அம்மாவுக்கு இரண்டு தமிழ். வயலிலும் கடையிலும் "ஓம் ஐயா, வாறன்." வீட்டில் மலைத் தமிழ். படிவத்துக்கு மலைத் தமிழில்தான் பதில் வந்தது.

"அக்கா களுத்துல ஏறப்போற தாலிய நீ அறுக்கிறியா? எடுத்துட்டுப் போ அத."

2025.02.20 வியாழன்

இதுவரை பதினொரு கையெழுத்து. தங்கள் பிள்ளைகளின் கலியாணத்தை முடித்தவர்கள் மட்டும்.

அக்காவோடு சண்டை. சத்தம் பக்கத்து வீடுவரை போயிருக்கும்.

"உனக்கென்ன? நீ கலியாணமே வேண்டாமெண்டு திரியிறாய். உன்ர வேலைக்கு எங்களை அடமானம் வைக்கிறியா?"

"கீர்த்தனனுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"அவருக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது."

"அப்ப எத்தினை வருசம் ஒளிப்பாய்? பிள்ளை பெத்தாப் பிறகும் அம்மாவை இஞ்ச வந்து பாக்க மாட்டியோ?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் லேசாக இருந்திருக்கும். "ஓம், ஒளிப்பன்" என்றா. "நீ பட்டம் படிச்சு முடிக்கும்வரைக்கும் நீயும் ஒளிச்சனீதானே?"

ஓம், ஒளித்தேன். பல்கலைக்கழகப் பதிவிலும் செம்பிக்குளம்தான்.

2025.03.05 புதன்

கமக்காரர் அமைப்பின் கூட்டம். கொள்கை வந்த பிறகு முதல் தடவையாக உதயபுரத்தாரையும் மண்டபத்துக்குள் கூப்பிட்டார்கள். முந்தி நாங்கள் விறாந்தையில் நிற்போம். எங்களுக்குக் கடதாசிக் கப்பில் தேத்தண்ணி, அவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸில். இன்று சமத்துவம் வந்துவிட்டது. எல்லோருக்கும் கடதாசிக் கப். கிளாஸ்களைக் காணவில்லை. எங்கள் வாய் பட்ட கிளாஸைக் கழுவுவதைவிட அலுமாரியில் பூட்டி வைப்பது சுகம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். றெனால்ட் சேர் அதைப் படமெடுத்தார், "எல்லாரும் ஒண்டாத் தேத்தண்ணி" என்று.

அம்மாவும் வந்திருந்தா. பங்குக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. யோகராசா எல்லோர் முன்னாலும் அவவைப் பார்த்துச் சொன்னார்: "மாரியாயி, உனக்கு என்னத்துக்கடி வயல்? வரம்பு எது, வாய்க்கால் எது எண்டு தெரியுமே? நான் சொல்லுற இடத்தில குனிஞ்சு பிடுங்கத்தானே தெரியும்."

மண்டபம் சிரித்தது. அம்மாவுக்கு அவரைவிட எட்டு வயது கூட. அம்மாவும் சிரித்தா. "ஓம் ஐயா" என்றா.

வீட்டுக்கு வந்து கால் கழுவினா. பிறகு: "அந்தக் கடுதாசி எங்க?"

படிவத்தைக் கொடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியும் அவவுக்கு, நாலு எழுத்துத் தள்ளித் தள்ளி. போட்டா. அக்கா எழும்பி வெளியே போனா.

"அவன் வாய்க்கால் வெட்டினப்போ மம்பட்டி புடிச்சது உங்கப்பன்" என்றா அம்மா. "வரம்பு தெரியாதாம் எனக்கு."

2025.03.17 திங்கள்

அம்மா போட்டது பரவிவிட்டது. முப்பத்தைந்து கையெழுத்து. பழைய மூன்றும் சேர்த்து முப்பத்தெட்டு குடும்பம். ஐந்து குடும்பம் கடைசிவரை மாட்டோம் என்றார்கள். பிரதேச செயலகத்தில் கொடுத்து முத்திரை குத்திய பிரதியும் வாங்கிவிட்டேன்.

கந்தோர் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். காவலாளி பார்த்தான். பார்க்கட்டும்.

2025.03.25 செவ்வாய்

விலாசத்தை உறுதிப்படுத்தக் கிராம சேவகர் வீடு வீடாக வந்தார். அவருடைய மனைவி நானாட்டான். அதோடு முடிந்தது கதை.

பின்னேரம் கீர்த்தனனின் தாய் சிவலட்சுமி அன்ரி ஓட்டோவில் வந்து இறங்கினா. கூரையைப் பார்த்தா, கிணற்றைப் பார்த்தா, எங்களைக் கடைசியாகப் பார்த்தா.

"நாங்கள் பிழையா ஒண்டும் நினைக்கேல்லை. எல்லாரும் மனிசர்தான். ஆனா ஆக்கள் ஆரெண்டு முதலே சொல்லியிருக்கலாம் எல்லே?"

அம்மா ஊர்த் தமிழில் "ஓம், பிழைதான்" என்றா. நான் வாய் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினா. இன்னும் தடம் இருக்கிறது.

சம்பந்தம் குழம்பவில்லை. அதைவிட மோசம். விலை ஏறியது. முதலில் ஒன்றும் வேண்டாம் என்றவர்கள். இப்போது பெடியனுக்கு ஒரு மோட்டச்சைக்கிள். "நாலு சனத்துக்கு நாங்கள் பதில் சொல்ல வேணும். அதுக்காவது இருக்கட்டும்."

எங்கள் பிறப்புக்கு அபராதம். புதுச் சைக்கிள், சிவப்பு நிறமாம்.

"கீர்த்தனன் என்ன சொல்லுறான்?" என்று அக்காவைக் கேட்டேன்.

"அம்மாவோட கதைக்க ஏலாதாம்."

2025.04.09 புதன்

பங்கு கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

சிறுபோகக் கூட்டம் குளக்கட்டில் நடந்தது. யோகராசா கத்திக் குழறிப் பார்த்தார். அறுபது பேருக்குப் பிரித்ததைத் தொண்ணூற்றெட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு முக்கால் ஏக்கரும் வராது என்றார். திணைக்களத்து ஆள் ஒரே வரியில் முடித்தார்: "அப்ப துருசு திருத்துற மிச்சக் காசு வராது, ஐயா." பாதித் துருசு உடைத்தபடி கிடக்கிறது. வேறு வழியில்லை அவர்களுக்கு. இரக்கத்தில் ஒன்றும் தரவில்லை. எனக்கு அவர்களின் இரக்கம் தேவையும் இல்லை.

சீட்டுகள் பிஸ்கற் ரின்னில். அம்மா கையை விட்டு எடுத்தா. நாற்பத்தொன்று. கட்டுக்குக் கிட்ட, முதல் வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற துண்டு. யோகராசாவின் சொந்தக் காணியில் விழுந்திருக்கிறது. அவர் முகம்! வீட்டுக்கு வந்து நானும் அம்மாவும் அந்த முகத்தை மாறி மாறி நடித்துக் காட்டினோம். அக்காகூடச் சிரித்தா.

2025.04.28 திங்கள்

திருத்தி முடியாத துருசைத் தற்காலிகமாகச் சரிப்படுத்தி, மூன்று நாளுக்கு முன் திறந்தார்கள். திறந்து பத்து நாளுக்குள் உழாத துண்டு அடுத்த அங்கத்தவருக்குப் போகும். அதுவும் வழக்கம்தான்.

ஊரில் ஐந்து ட்ரக்டர். ஐந்தும் பழைய அங்கத்தவர்களுடையது. "எங்கட முடியட்டும், பிறகு வாறம்." எப்போது முடியும்? பத்து நாள் கழித்து முடியும்.

பொன்னையா அண்ணையிடம் ஓடினேன். யோகராசாவின் வண்டியை ஓட்டுகிறவர்.

"அண்ணை, ஒரு மணித்தியாலம். எங்கட ஆக்களின்ர துண்டு."

"வண்டி அவற்ற. திறப்பு அவற்ற. டீசலும் அவற்ற. கை மட்டும்தான் தங்கச்சி என்ர."

"உங்கட துண்டையாவது உழுங்கோவன்!"

"அது நேற்று அவருக்கே குத்தகைக்குக் குடுத்தாச்சு." நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "உழவும் இல்லை, விதைநெல்லும் இல்லை. பங்கை வைச்சு நக்கிறதே?"

கொள்கையை எழுதியவர்கள் பங்கு என்று எழுதினார்கள். உழவு என்று எழுதவில்லை. அவர்களை விடு. வயல்காட்டில் வளர்ந்தவள் நான். பங்கு, பங்கு என்று கத்தினேனே, உழவு கேட்க ஏன் தோன்றவில்லை? விலாசத்துக்காகச் செருப்புத் தேய நடந்தவள், ஒரு ட்ரக்டருக்கு முதலே சொல்லி வைக்கவில்லை.

2025.05.01 வியாழன்

சிவராணி அக்கா, பக்கத்து வீடு, ஏழு குடும்பத்தைச் சேர்த்து விடத்தல்தீவுப் பக்கமிருந்து ஒரு ட்ரக்டர் பேசியிருக்கிறா. நாளைக்கு வருமாம். "மாரியாயி அக்காவும் சேர்ந்தா எட்டு. கேட்டுச் சொல்லு."

அம்மாவைக் கேட்க முந்தியே நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

2025.05.02 வெள்ளி

அம்மா எங்கள் துண்டைப் போன கிழமையே குத்தகைக்குக் கொடுத்துவிட்டா. யோகராசாவுக்கு. ஒரு போகம் இல்லை. மூன்று சிறுபோகம்.

பொல்லாத சண்டை.

"அவனுக்கோ? உன்னை அடி எண்டு கூப்பிட்டவனுக்கோ? அவன்ர முகத்தைப் பாத்துச் சிரிச்சமே அம்மா!"

"வேற யாருடி முன்பணம் தருவா? உன் கொள்க தருமா?"

"அக்காவுக்கு மோட்டச்சைக்கிள் வாங்கவோ நான் நாற்பது வீட்டு வாசலில நிண்டனான்?"

"ஆமா" என்றா அம்மா. கொஞ்சமும் சத்தம் உயர்த்தாமல். "கடுதாசில கையெளுத்துப் போட்டப்போ வெல ஏறிச்சுல்ல? அதக் கட்டத்தான் வேணும். நீ கட்டுவியா?"

அக்கா அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டா. நியாயமாகப் பார்த்தால் அவவில் கோபம் வர வேண்டும். வரவில்லை. கீர்த்தனனில் வருகிறது, தாயில் வருகிறது, என்னில் வருகிறது. அக்காவின் முகத்தில் கோபிக்க இடமில்லை.

எட்டாவது துண்டு இல்லை என்று சிவராணி அக்காவிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்" என்றா.

2025.05.26 திங்கள்

அறிக்கை. முப்பத்தெட்டு பங்கில் முப்பத்தொன்று குத்தகை, அதில் இருபத்திரண்டு ஒரே ஆளுக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

றெனால்ட் சேர் இரண்டு தரம் வாசித்தார். "ரஜிதா, எங்கட குறிகாட்டி ரெண்டுதான். அங்கத்துவம் கிடைச்சதோ, பங்கு கிடைச்சதோ. ஆர் விதைக்கினம் எண்டது குறிகாட்டியில இல்லை."

"அப்ப இது பொய் அறிக்கை, சேர்."

"பொய் இல்லை. முழுசு இல்லை." கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வரியை வைச்சா அடுத்த வருசம் இந்தத் திட்டமே வராது. வந்தா, ஒரு ட்ரக்டர் கேட்டு எழுதலாம். நீரே சொல்லும், எது வேணும்?"

வரியை எடுத்தேன். நானே எடுத்தேன். அவர் எடுத்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

துருசுக்கு மிச்சக் காசும் வந்துவிட்டதாம்.

2025.06.04 புதன்

அக்காவுக்கு ஆவணியில் நாள் வைத்திருக்கிறார்கள்.

அம்மா வேலையால் வர நாலரையாகிவிட்டது. முழங்கால்வரை சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது. ஒரு மாதமாக அளவாகத்தான் கதைக்கிறோம். இன்று நான்தான் கேட்டேன்.

"எங்க இண்டைக்குக் களை?"

"நாப்பத்தொண்ணுல."

எங்களுக்குச் சீட்டில் விழுந்த துண்டு. கேட்டது பிழை. ஆனால் அம்மா நிறுத்தவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்துக் கால் கழுவிக்கொண்டே சொன்னா, ஆறு பேராம், எல்லோரும் உதயபுரம்தானாம், யோகராசா வரம்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"பயிர் நல்லா வந்திருக்கு புள்ள. பக்கத்துத் துண்டு இம்புட்டு இல்ல. வேர் அறாம ஒண்ணொண்ணாப் புடுங்கினேன். அவுங்க வேகமாப் போறாளுக. நான் போவல."

"கத்தினாரோ?"

"கத்தினாரு." துவாயை எடுத்து உதறிக் கொடியில் போட்டா. "நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு."